எண் மட்டும் மிஞ்சிய குழிகள்: நியூயார்க் மாநில ஏழையர் இல்ல இடுகாட்டை மீட்கப் புதிதாக வருபவர்களுக்கு

1824-இல் நியூயார்க் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. கவுண்டிகள் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவுகள்) 200 ஏக்கருக்கு மிகாமல் நிலம் வாங்கி, அதில் ஏழையர் இல்லம் கட்ட வேண்டும். கதியற்றவர்களை அங்கே சேர்த்து, முடிந்தவர்களிடம் பண்ணை வேலை வாங்கிக்கொண்டு சோறு போட வேண்டும். சில கவுண்டிகளுக்கு மட்டும் விலக்கு. முதியவர்கள், கைம்பெண்கள், மணமாகாமல் கருவுற்ற பெண்கள், மனநோயாளிகள், கப்பலிலிருந்து இறங்கிய கையோடு காய்ச்சலில் விழுந்த அயர்லாந்துக்காரர்கள், கால்வாய் வேலையில் கை கால் இழந்தவர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் கிடந்தார்கள். செத்தவரை எடுத்துப்போக ஆள் வராவிட்டால் பண்ணையின் ஒரு மூலையில் குழி. தலைமாட்டில் ஒரு மரப்பலகை, அல்லது வயலில் பொறுக்கிய கல், கொஞ்சம் பணம் இருந்த கவுண்டிகளில் எண் பொறித்த சிறு கல்.

1935-இல் முதியோருக்கு உதவித்தொகை தரும் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இந்த இல்லங்கள் ஒவ்வொன்றாக முதியோர் மருத்துவ இல்லங்களாக மாறின, அல்லது மூடப்பட்டன. நிலம் கல்லூரி வளாகமாக, பூங்காவாக, மருத்துவமனையாக ஆனது. மூலையில் இருந்த குழிகளை மறந்தார்கள். ராச்செஸ்டரில் 1984-இல் ஹைலண்ட் பூங்காவில் மண் வெட்டியபோது எலும்பு வந்தது. ஆல்பனியில் 2002-இல் கட்டட வேலைக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தோண்டி எடுக்க வேண்டியதாயிற்று. பஃபலோவில் பல்கலைக்கழகத்தின் தெற்கு வளாகமே பழைய ஈரி கவுண்டி ஏழையர் இல்ல நிலம். அங்கும் அதே கதை. மற்ற மாநிலங்களிலும் இப்படித்தான்: விஸ்கான்சினில் மில்வாக்கி கவுண்டிப் பண்ணை இடுகாட்டில் 1991, 1992 ஆண்டுகளில் மட்டும் 1,649 குழிகள் தோண்டப்பட்டன.

நல்ல மனதோடு வருகிற தொண்டர்கள் முதல் சனிக்கிழமையே மண்வெட்டியும் தேய்ப்பு பிரஷ்ஷுமாக இறங்கிவிடுவார்கள். இந்த வேலையில் நடக்கிற சேதத்தில் பெரும்பங்கு அன்றைக்கு நடப்பதுதான். வரிசை இது: முதலில் காகிதம், பிறகு நிலம், கடைசியில் கல். இந்த வழிகாட்டி முழுக்க நியூயார்க் மாநிலத்தை மனதில் வைத்து எழுதியது. வேறு மாநிலத்தில் இருந்தால் முறை பெரும்பாலும் பொருந்தும். சட்டமும் ஆவணப் பெயர்களும் மாறும்.

இடம் யாருடையது, எங்கே இருக்கிறது

1919-ஆம் ஆண்டுச் சட்டப்படி நியூயார்க்கில் ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்புக்கும் அதிகாரபூர்வ வரலாற்றாளர் ஒருவர் இருக்க வேண்டும். கவுண்டி வரலாற்றாளர், கவுண்டியின் உட்பிரிவான டவுனின் வரலாற்றாளர் இருவரையும் பாருங்கள். பெரும்பாலும் பகுதிநேரப் பதவி, சம்பளமும் சொற்பம். எனவே நேரில் போகுமுன் கேள்விகளை எழுதி அனுப்புவது நல்லது. கேட்க வேண்டியவை மூன்று: ஏழையர் இல்லம் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை எந்த நிலத்தில் இருந்தது (இடம் மாறியிருக்கும், பல கவுண்டிகளில் இரண்டு மூன்று இடங்கள்), இடுகாடு ஒன்றா பலவா, பதிவேடுகள் இப்போது யார் கையில்.

அடுத்து கவுண்டி கிளார்க் அலுவலகம். நிலப் பத்திரங்களின் வாங்கியவர் அட்டவணையில் தனிமனிதர் பெயரைத் தேடாதீர்கள். 'ஏழையர் கண்காணிப்பாளர்கள்' என்ற பதவிப் பெயரிலோ கவுண்டியின் பெயரிலோதான் பத்திரம் இருக்கும். வாங்கிய பத்திரத்தைவிட, கவுண்டி பின்னால் நிலத்தை விற்ற பத்திரம் முக்கியம். 'இடுகாட்டு நிலம் நீங்கலாக' என்ற ஒரு வரி அதில் இருந்தால் சங்கிலி அளவோடு எல்லையும் கிடைத்துவிடும். ஒரு சங்கிலி 66 அடி.

வரைபடங்களில் தேடும்போது ஒரே இல்லம் காலத்துக்கேற்பப் பெயர் மாறியிருப்பதை நினைவில் வையுங்கள்: புவர் ஹவுஸ், கவுண்டி ஹவுஸ், ஆம்ஸ்ஹவுஸ், கவுண்டி ஃபார்ம், கவுண்டி ஹோம், இன்ஃபர்மரி. 1860, 1870-களின் பியர்ஸ் அட்லஸ்களில் கட்டடம் குறிக்கப்பட்டிருக்கும். சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்களில் கட்டடத்தின் செங்கல் மரம்கூடத் தெரியும், இடுகாடு அநேகமாகத் தெரியாது. 1930-களுக்குப் பிந்தைய வான்படங்களில் உழாமல் விட்ட ஒரு சதுரம் பண்ணை நடுவே தெரிந்தால், அங்கிருந்து தொடங்கலாம். மாநிலம் இலவசமாகத் தரும் லைடார் தரைப்படமும் (லேசர் ஒளியால் மேடுபள்ளம் அளந்து வரைந்தது) உதவும். அதில் தனித்தனிக் குழி தெரிவது அபூர்வம், ஆனால் பழைய வண்டிப்பாதையும் வேலி மேடும் தெரியும்.

இன்றைய உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்க வேண்டாம். 'கவுண்டி நிலம்தானே, பொதுச் சொத்துதானே' என்ற வாதம் இங்கே செல்லாது. அனுமதிக் கடிதத்தில் நான்கைப் பிரித்துக் கேளுங்கள்: நுழைவு, புதர் வெட்டுதல், நில ஆய்வு, கல்லைத் தொடுதல். முதலிரண்டைச் சுலபமாகத் தருவார்கள். பின்னிரண்டுக்குக் காத்திருக்க வேண்டிவரும்.

பெயர்களைச் சேர்ப்பது

நேரம் அதிகம் போவது இங்கேதான், போகவேண்டியதும் இங்கேதான். 'பதிவேடெல்லாம் எரிந்துபோயிற்று' என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம். கவுண்டிக் கட்டட நிலவறையில், சமூக நலத் துறையின் பழைய அலமாரியில், வரலாற்றுச் சங்கத்தின் பரணில் வேறு தலைப்போடு கிடக்கலாம். எரிந்தது ஒரு கட்டடம்தானா, எந்த ஆண்டு, அப்போது ஏடுகள் அங்கே இருந்தனவா என்று கேட்டுப் பாருங்கள்.

மூல ஏடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கீழ்க்கண்டவற்றைப் பார்த்தே ஆக வேண்டும்.

மாநில ஆவணக் காப்பகத்தில் 1875 முதல் 1921 வரை ஏழையர் இல்லங்களில் சேர்ந்தவர்களைப் பற்றிய படிவங்கள் உள்ளன. இணைய வம்சாவளித் தளங்களிலும் பார்க்கலாம். சேர்ந்த நாள், வயது, பிறந்த நாடு, பெற்றோர் பிறந்த நாடு, பழக்கவழக்கம், ஏழ்மைக்குக் காரணம் எனப் பத்தி பத்தியாக இருக்கும். ஆனால் இது சேர்ந்ததற்குச் சான்று, இறந்ததற்கு அல்ல. 'குறிப்பு' என்ற இடத்தில் எப்போதாவது இறப்பு எழுதப்பட்டிருக்கும்.

கூட்டாட்சி அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1850 முதல் எல்லோருடைய பெயரும் உண்டு. ஏழையர் இல்லம், அதன் பொறுப்பாளர் குடும்பத்துக்கு அடியில் நீண்ட பட்டியலாக வரும். 1850, 1860, 1870, 1880 ஆகிய நான்கு கணக்கெடுப்புகளோடும் இறப்பு அட்டவணை ஒன்று சேர்ந்திருக்கிறது. ஜூன் 1-க்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் இறந்தவர்கள் அதில் வருவார்கள். விட்டுப்போன பெயர்கள் ஏராளம் என்பதால், அதில் இல்லாதவர் சாகவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1880-இல் ஏழைகளுக்கும் மனநோயாளிகளுக்கும் பார்வையற்றோருக்கும் தனித்தனித் துணை அட்டவணைகளும் எடுத்தார்கள். 1890 கணக்கெடுப்பு 1921 தீவிபத்தில் பெரும்பாலும் போய்விட்டது. நியூயார்க்கின் படைவீரர் அட்டவணை தப்பியது. உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர்கள் பலர் முதுமையில் ஏழையர் இல்லத்தில்தான் முடிந்தார்கள் என்பதால் அதை விட்டுவிடாதீர்கள். இடையில் 1855, 1865, 1875, 1892, 1905, 1915, 1925 ஆண்டுகளின் மாநிலக் கணக்கெடுப்புகள் வருகின்றன.

இறப்புப் பதிவு மாநில அளவில் 1880-இல் தொடங்குகிறது. தொடக்க ஆண்டுகளில் பல டவுன்கள் ஒழுங்காக அனுப்பவில்லை. 1880 முதல் 1956 வரையிலான மாநில இறப்பு அட்டவணை இணையத்தில் இலவசம். ஆல்பனி, பஃபலோ, யாங்கர்ஸ் மூன்று நகரங்களும் 1914-க்கு முன் தம் பதிவைத் தாமே வைத்திருந்தன. அங்கே இறந்தவர்களை மாநில அட்டவணையில் தேடி ஏமாற வேண்டாம். வம்சாவளித் தேவைக்கான இறப்புச் சான்று, இறந்து 50 ஆண்டு கழிந்த பிறகே கிடைக்கும்.

கவுண்டி மேற்பார்வையாளர் மன்றத்தின் ஆண்டு நடவடிக்கை ஏடுகளைப் புதியவர்கள் சலிப்பென்று தாண்டிப் போகிறார்கள். போகக் கூடாது. சவப்பெட்டிக்கும் குழி வெட்டியதற்கும் கொடுத்த கூலி அதில் வரி வரியாக வரும். அதோடு கண்காணிப்பாளர்களின் ஆண்டறிக்கையில் அந்த ஆண்டு எத்தனை பேர் இறந்தார்கள் என்ற எண் இருக்கும். உங்கள் பட்டியலைச் சரிபார்க்க இதைவிடச் சிறந்த உரைகல் இல்லை. அறிக்கை 24 என்று சொல்லி, உங்களிடம் 15 பெயர் இருந்தால், இன்னும் 9 பேரைத் தேட வேண்டும். உங்களிடம் 27 இருந்தால் ஒரே ஆளை இரண்டு எழுத்துக்கூட்டலில் இரண்டு பேராக எண்ணியிருக்கிறீர்கள், அல்லது அறிக்கை ஆண்டு ஜனவரியில் தொடங்கவில்லை.

பிணவிசாரணை ஆவணங்களையும் கேளுங்கள். கால்வாயில் மிதந்த, ரயில் பாதையில் அடிபட்ட அடையாளம் தெரியாதவர்கள் ஏழையர் இல்ல வாசலை மிதிக்காமலேயே அதன் இடுகாட்டில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

அட்டவணை போடும்போது ஒரு விதி: ஏட்டில் எழுதியிருப்பதை எழுத்து மாறாமல் ஒரு பத்தியில், நீங்கள் திருத்திய வடிவம் இன்னொரு பத்தியில். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியவை இவை. ஷ்மிட் ஸ்மித் ஆகியிருப்பார்; பிரிஜெட் ஒரு வருடம் டீலியாவாக இருப்பார்; மெக் என்று தொடங்கும் பெயரில் அந்த 'மெக்' காணாமல் போயிருக்கும். திருத்தியதை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்தால், பத்தாண்டு கழித்து அயர்லாந்திலிருந்து தேடிவரும் கொள்ளுப்பேத்திக்கு அந்தக் கதவு அடைபடும். வயது, பிறந்த நாடு, சேர்ந்த நாள், இறந்த நாள், ஏட்டின் பெயர், பக்கம், வரி ஆகியவற்றுக்கும் தனிப் பத்திகள் வேண்டும். பக்கமும் வரியும் எழுதாத பெயரை மறுபடி சரிபார்க்க முழு ஏட்டையும் புரட்ட வேண்டும்.

இறந்தவர் வேறு, புதைக்கப்பட்டவர் வேறு

பெயர்ப் பட்டியல் தயாரானதும் அதையே கல்லில் வெட்டிவிடத் துடிப்பார்கள். பொறுங்கள். ஏழையர் இல்லத்தில் இறந்த எல்லோரும் அங்கே புதைக்கப்படவில்லை. உறவினர் வண்டி கொண்டுவந்து எடுத்துப்போனது உண்டு. கத்தோலிக்கர் பலரைப் பங்குத் தந்தை வந்து தம் கல்லறைக்குக் கொண்டுபோனார். பங்கின் அடக்கப் பதிவேட்டில் அது இருக்கும். 1854-இல் வந்த சட்டம், கேட்பாரற்ற சடலங்களை மருத்துவக் கல்லூரிகளுக்குக் கொடுக்க வழிசெய்தது. பெரிய நகரங்களை ஒட்டிய இல்லங்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எனவே ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நிலை குறியுங்கள்:

அ – இங்கே புதைக்கப்பட்டார் என்று ஏடு நேரடியாகச் சொல்கிறது.
ஆ – இல்லத்தில் இறந்தார். வேறிடம் கொண்டுபோனதற்குச் சான்று இல்லை.
இ – இல்லத்தில் இருந்தார். பிறகு என்ன ஆனார் என்று எந்த ஏடும் சொல்லவில்லை.
ஈ – இறந்தார்; வேறிடத்தில் புதைக்கப்பட்டார்.

நினைவுக்கல்லுக்கு அ மட்டும், அல்லது 'இல்லத்தில் இறந்தோர்' என்ற தலைப்போடு அ-வும் ஆ-வும். இ வகையைக் கல்லில் ஏற்றவே கூடாது. நலமாகி வெளியேறி, அயோவாவில் பண்ணை வாங்கி, எண்பது வயதில் பேரப்பிள்ளைகள் சூழச் செத்த ஒருவரை இங்கே புதைத்துவிடுவீர்கள்.

படிவத்தில் 'குடி', 'ஒழுக்கக்கேடு', 'மூடர்' என்றெல்லாம் காரணம் எழுதியிருக்கும். அது எழுதியவரின் தீர்ப்பு. ஆய்வு அட்டவணையில் மேற்கோளாக, ஆண்டோடு இருக்கட்டும். பொதுப்பலகையிலும் நிகழ்ச்சித் தாளிலும் வேண்டாம்.

மனநல மருத்துவமனை இடுகாடு வேறு விவகாரம். 1869-இல் திறந்த வில்லார்ட் மனநல இல்லம் ஏழையர் இல்லங்களிலிருந்துதான் தன் முதல் நோயாளிகளை எடுத்துக்கொண்டது; அங்கே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழிகள், எண்கள் மட்டும். அங்கு இறந்தவர்களின் பெயரை வெளியிடுவதற்கு மாநில மனநலத் துறை ரகசியச் சட்டத்தைக் காட்டித் தடைபோட்டிருக்கிறது. கூட்டாட்சி மருத்துவ ரகசிய விதி இறந்து 50 ஆண்டுகளோடு முடிகிறது என்றாலும் மாநிலச் சட்டம் தனி. உங்கள் பட்டியலில் இருவகை ஏடுகளும் கலந்திருந்தால் வெளியிடுமுன் கவுண்டி வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

நிலத்தில் முதல் நாள்

இலையுதிர்ந்த நவம்பரிலிருந்து பனி மூடும்வரை, அல்லது பனி உருகியதிலிருந்து ஏப்ரல் நடுவரை. கோடையில் போனால் முள்ளும் கொடியும் தவிர வேறெதுவும் தெரியாது. காலை வெயிலோ மாலை வெயிலோ சாய்வாக விழும்போது குழிகளின் பள்ளம் நிழலாகத் தெரியும். லேசான பனி உருகும் நாள் இன்னும் நல்லது. பள்ளங்களில் மட்டும் வெள்ளை தங்கி நிற்கும்.

கிறித்தவ வழக்கப்படி குழிகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக இருக்கும். பெரியவர்களின் பள்ளம் ஏறத்தாழ 6 அடி நீளம், 2 முதல் 3 அடி அகலம். குழந்தைகளுடையது அநேகமாகத் தெரியாது. நித்தியகல்யாணியின் உறவான, நீலப்பூப் பூக்கும் விங்கா கொடி காட்டுக்குள் தரையோடு படர்ந்திருந்தால் நின்று பாருங்கள். இடுகாடுகளில் விரும்பி நட்ட கொடி அது. டே லில்லி, யக்கா, வரிசையாக நிற்கும் சீடர் மரங்கள் ஆகியவையும் தடயங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை: 100 மீட்டர் அளவுநாடா இரண்டு, திசைகாட்டி, பென்சில், கட்டம்போட்ட தாள், அளவுகோலோடு கேமரா, பிளாஸ்டிக் தண்டு கொண்ட சிறு கொடிகள் நூறு. கம்பித் தண்டுக் கொடிகள் வேண்டாம். புல்வெட்டும் எந்திரத்தில் மாட்டும், பின்னால் மண்ணின் காந்த வேறுபாட்டை அளக்கும் காந்தமானி ஆய்வையும் கெடுக்கும். போனின் ஜி.பி.எஸ் மரங்களுக்கடியில் 3 முதல் 5 மீட்டர் தவறும். அதற்குள் நாலைந்து குழி அடங்கிவிடும். ஆகவே அசையாத இரண்டு புள்ளிகளுக்கு நடுவே, பழைய கல்தூண் அல்லது கட்டட மூலை போன்றவற்றுக்கு இடையே, அடிக்கோடு ஒன்று போட்டு, அதிலிருந்து ஒவ்வொரு கல்லுக்கும் பள்ளத்துக்கும் செங்குத்துத் தூரம் அளந்து வரையுங்கள்.

ஒரு கல்லையும் எடுக்காதீர்கள், திருப்பாதீர்கள். சாதாரண வயல்கல் என்று தோன்றுவது தலைமாட்டுக் கல்லாக இருக்கும். அதற்கு 6 அடி கிழக்கே கால்மாட்டுக் கல் இருக்கிறதா என்று பாருங்கள்.

உண்ணிகளைக் குறைத்து எண்ண வேண்டாம். மான் உண்ணி லைம் நோயைக் கொண்டுவருகிறது, நவம்பரிலும் அது சுறுசுறுப்பாகத்தான் இருக்கும். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் சொருகி, துணிக்கு 0.5 சதவீத பெர்மெத்ரின் தெளித்துக் காயவைத்து அணிந்து, வீட்டுக்குப் போனதும் உடம்பு முழுக்கத் தேடுங்கள். மூன்றிலை நச்சுக்கொடி (பாய்சன் ஐவி) இலையுதிர்ந்த பிறகும் தண்டிலேயே அரிப்பு தரும்; வெட்டியதை எரித்தால் புகை நுரையீரலுக்குள் போகும்.

எலும்பு தென்பட்டால் வேலை அங்கேயே நிற்கிறது. மரநாய்க்குக் குறையாத உருவம் கொண்ட வுட்சக் என்ற கொழுத்த பிராணி வளை தோண்டி எலும்பை மேலே தள்ளுவது இங்கே சகஜம். தொடாமல், படமெடுத்துப் பரப்பாமல், துணியால் மூடி, ஒருவரைக் காவலுக்கு நிறுத்திவிட்டு காவல்துறைக்குச் சொல்லுங்கள். குறியிடப்படாத புதைவிடங்களுக்காக 2023-இல் நியூயார்க் தனிச் சட்டம் கொண்டுவந்தது. வேலையை நிறுத்துவதும் பிணவிசாரணை அதிகாரிக்குத் தெரிவிப்பதும் கட்டாயம். பழைய எலும்பு என்று தெரிந்த பிறகு மாநிலத் தொல்லியலாளர் வருவார்.

புதர், பிறகு ஆய்வு

செடியை வேரோடு பிடுங்க வேண்டாம். தரைமட்டத்தில் கைக்கத்தரியால் வெட்டினால் போதும். வேர் சவப்பெட்டி மட்டம்வரை போயிருக்கும், இழுத்தால் எல்லாம் கலைந்துவிடும். பெரிய மரத்தை அறுத்தால் அடிக்கட்டையை அப்படியே விடுங்கள். புல்டோசர், சிறு லோடர் எதற்கும் இடமில்லை. யாராவது 'ஒரே மணி நேரத்தில் சுத்தம் செய்துதருகிறேன்' என்று இலவசமாக எந்திரம் கொண்டுவந்தால் நன்றி சொல்லித் திருப்பி அனுப்புங்கள். கற்களைச் சுற்றி ஓர் அடிக்குள் நைலான் இழை சுழன்று புல்வெட்டும் கருவியும் வேண்டாம். மார்பிளின் அடிப்பகுதியை அது அரம்போல் அறுக்கும். அங்கே கைக்கத்தரி. களைக்கொல்லியின் உப்பு கல்லுக்குள் ஊறி, உலரும்போது மேற்பரப்பை உதிர்க்கும்.

தரை ஊடுருவும் ராடார், சுருக்கமாக ஜி.பி.ஆர், எல்லா இடத்துக்கும் ஏற்றதல்ல. பணம் கட்டுமுன் மண்ணைப் பாருங்கள். களிமண் அலையை விழுங்கிவிடும். பனியாறு விட்டுப்போன கூழாங்கல் மண்ணில் ஒவ்வொரு கல்லும் ஒரு குழிபோல் எதிரொலிக்கும், மாநிலத்தின் பெரும்பகுதி இந்த மண்தான். நல்ல மணற்பாங்கான மண்ணில் 400 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா போதும். கோடுகள் குழிகளுக்குக் குறுக்காக, அதாவது வடக்கு தெற்காக, அரை மீட்டர் இடைவெளியில் ஓட வேண்டும். குழந்தைகளின் குழிகளையும் பிடிக்க வேண்டுமானால் கால் மீட்டர். புல் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். மழை பெய்து மூன்று நாளைக்கு வேண்டாம்.

ராடாருக்கு எலும்பு தெரியாது. கலைந்த மண்ணும், சில சமயம் பெட்டிக்குள் இருக்கும் வெற்றிடமும்தான் தெரியும். ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்: அறிக்கையில் 'குழியாக இருக்க மிக வாய்ப்பு', 'ஓரளவு வாய்ப்பு', 'சொல்ல முடியாது' என்று தரம் பிரித்துத் தர வேண்டும், மூல அளவீட்டுக் கோப்புகளையும் கொடுக்க வேண்டும். வெறும் வண்ணப்படத்தைக் கொடுத்துவிட்டு '212 குழிகள்' என்று சொல்லும் அறிக்கை உங்களுக்கு உதவாது.

எண்கல்லுக்கும் ஏட்டு எண்ணுக்கும் முடிச்சுப் போடுவதில் நிதானம் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் புல்வெட்டும் வசதிக்காகக் கற்களைப் பிடுங்கி அடுக்கிய, வேறிடத்தில் மீண்டும் நட்ட இடங்கள் பல. 41, 42, 43 என வரிசை ஒழுங்காக இருந்து, பள்ளங்களோடும் பொருந்தினால் நம்பலாம். 41-க்குப் பக்கத்தில் 117 நின்றால், அந்த வரிசை முழுவதையும் சந்தேகப் பட்டியலில் போடுங்கள்.

கல்லைக் கழுவுவது

எழுத்துள்ள கல் ஏதாவது இருந்தால்தான் இந்தப் பகுதி தேவை. வயல்கல்லைக் கழுவி ஆகப்போவது ஒன்றுமில்லை.

முதலில் விரலால் மெல்லத் தட்டுங்கள். பொள்ளலாக ஒலித்தால், அல்லது மார்பிள் சர்க்கரைபோல் கையில் உதிர்ந்தால், விட்டுவிடுங்கள். நன்றாக இருந்தால் சுத்தமான தண்ணீரில் முழுக்க நனைத்து, மென்மையான நைலான் அல்லது இயற்கை நார் பிரஷ்ஷால் கீழிருந்து மேலாகத் தேயுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குநீர் வடிந்து கோடு விழும். பாசியைச் சுரண்ட மரக்குச்சி. பாதிக் கற்களுக்குத் தண்ணீரே போதும். போதாதவற்றுக்கு டி/2 என்ற உயிரிநீக்கி: தெளித்து, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, தேய்த்து, நிறையத் தண்ணீரில் அலசுங்கள். அன்றே வெள்ளையாகவில்லை என்று இரண்டாம் முறை தேய்க்க வேண்டாம். வாரக்கணக்கில் அது வேலை செய்துகொண்டே இருக்கும். ஒரு கல்லுக்கு சுமார் 20 லிட்டர் தண்ணீர் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், இடுகாட்டில் குழாய் இருக்காது.

பிளீச், அமிலம், கம்பி பிரஷ், துளைப்பானில் மாட்டும் சுழல் பிரஷ், அழுத்த நீர்ப்பீச்சி எதுவும் ஆகாது. இணையத்தில் 'முன், பின்' படங்களாகப் பளிச்சென்று வருகிற பல கற்கள் ஒரு மில்லிமீட்டர் எழுத்தை இழந்தவை. 24 மணி நேரத்துக்குள் உறைபனி வருமென்றால் கழுவாதீர்கள். உள்ளே போன நீர் உறைந்து கல்லைப் பிளக்கும். எழுத்து படிக்க மாவும் சோப்பு நுரையும் சுண்ணக்கட்டியும் தேவையில்லை. கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பினால் எழுத்து தானாக எழுந்து நிற்கும்.

விழுந்த கல்லை நிமிர்த்துவது பயிற்சி பெற்றவர்களின் வேலை. 20 அங்குல அகலம், 36 அங்குல உயரம், 2 அங்குலத் தடிமன் கொண்ட ஒரு மார்பிள் பலகை ஏறத்தாழ 64 கிலோ. கான்கிரீட்டில் நடவே கூடாது. கல் அசைய இடமில்லாமல் மண்மட்டத்தில் முறியும்.

நினைவு வைப்பது

ஒரே பெரிய கிரானைட் கல்லில் பெயர்கள் என்பதே பெரும்பாலான இடங்களின் தேர்வு. வெண்கலப் பலகை திருட்டுப் போகும். அட்டவணையில் புதுப்பெயர் சேர்வது நின்று ஓராண்டாவது கழிந்த பிறகு வெட்டக் கொடுங்கள்; அப்போதும் கீழே கால்பங்கு இடம் காலியாக இருக்கட்டும். முக்கால் அங்குலத்துக்குக் குறைந்த எழுத்தை முதியவர்களால் நின்று படிக்க முடியாது.

வடக்கு நியூயார்க்கில் உறைபனி மட்டத்துக்குக் கீழே அடித்தளம் போட 4 அடி தோண்ட வேண்டிவரும். நினைவுக்கல்லுக்காகத் தோண்டி ஒருவரின் குழியையே உடைப்பதைவிடக் கேவலம் வேறில்லை. கல்லை வாசலருகே, ஆய்வில் குழி இல்லை என்று உறுதியான இடத்தில், முடிந்தால் தோண்டாமல் சரளைப் படுகைமீது வையுங்கள். தெருவோர வரலாற்றுப் பலகைக்கு சிரக்யூஸில் உள்ள வில்லியம் ஜி. பொமராய் அறக்கட்டளை நிதி தருகிறது. அவர்கள் முதல்நிலைச் சான்று கேட்பார்கள். பக்கமும் வரியும் எழுதி வைத்த பட்டியல் அங்கே கைகொடுக்கும். போர்வீரர் என்று உறுதியானவருக்குக் கூட்டாட்சி அரசு இலவசக் கல் தரும். 40-1330 என்ற படிவம், கூடவே படைச்சேவைச் சான்று.

பணமே இல்லையென்றால் கல் இல்லாமலும் தொடங்கலாம். நியூயார்க் நகரின் ஹார்ட் தீவில் 1869 முதல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். மெலிண்டா ஹன்ட் என்ற கலைஞர் தொடங்கிய ஹார்ட் ஐலண்ட் ப்ராஜெக்ட், அந்தப் பெயர்களை இணையத்தில் தேடக்கூடியதாக ஆக்கி, தெரிந்தவர்கள் கதை சேர்க்க வழிசெய்தது. தீவு 2021-இல் சிறைத்துறையிடமிருந்து பூங்காத்துறைக்குப் போனதில் அந்த வேலைக்குப் பெரும் பங்குண்டு.

ஆண்டுக்கொரு முறை பெயர் வாசிக்கும் நிகழ்ச்சி வையுங்கள். ஒரு பெயருக்கு 5 விநாடி என்றால் 100 பெயருக்கு எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல். 600 பெயர் இருந்தால் பத்துப் பேர் மாறி மாறி வாசிக்கலாம். அயர்லாந்து, ஜெர்மன், போலந்துப் பெயர்களின் உச்சரிப்பை முன்கூட்டி ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பெயர் கிடைக்காதவர்களை 'பெயர் தெரியாத ஆண், கால்வாயிலிருந்து எடுக்கப்பட்டவர், 1871' என்பதுபோல் ஏடு சொல்கிற அளவுக்கு வாசியுங்கள்; மொத்தமாக 'மற்றும் பலர்' என்று தள்ளிவிட வேண்டாம்.

நம்மவர்களுக்கு ஒரு தனிச்சொல். அகல் விளக்கு, கற்பூரம், மஞ்சள், குங்குமம் எதையும் கல்மீது வைக்காதீர்கள். மார்பிள் எண்ணெயைக் குடித்துக்கொள்ளும், மஞ்சள் கறை போகவே போகாது. சோறு படைத்தால் ராத்திரியே ரக்கூன் வந்து தோண்டும். உதிரிப்பூ போதும், நிகழ்ச்சி முடிந்ததும் நாரையும் பிளாஸ்டிக்கையும் திரும்ப எடுத்துவாருங்கள்.

கடைசியாகச் செய்ய வேண்டிய அலுவலக வேலை

தொண்டர் குழு கலைந்தாலும் இடம் தப்ப வேண்டுமென்றால் மூன்று காரியம். பெயர் அட்டவணை, நிலப்படம், ராடார் கோப்பு மூன்றையும் கவுண்டி வரலாற்றாளர், உள்ளூர் நூலகம், மாநில ஆவணக் காப்பகம் ஆகிய மூன்று இடத்திலும் வையுங்கள். புல்வெட்டும் ஒப்பந்தத்தில் கற்களுக்கு ஓரடிக்குள் எந்திரம் வரக் கூடாது என்ற வரியைச் சேர்க்கச் சொல்லி கவுண்டியிடம் எழுதிக் கேளுங்கள். மூன்றாவது, இடுகாட்டின் எல்லை கவுண்டி வரி வரைபடத்திலும் கட்டட அனுமதி அலுவலகத்தின் கணினிப் படத்திலும் குறிக்கப்பட வேண்டும். குழாய் பதிக்க வருகிற ஒப்பந்தக்காரர் நினைவுக்கல்லைப் பார்க்கப் போவதில்லை. அனுமதி கேட்கும்போது திரையில் சிவப்புக் கட்டம் வருகிறதா என்றுதான் அந்த அலுவலகம் பார்க்கும். எல்லைக்கு வெளியே 50 அடியையும் சேர்த்துக் குறிக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் பழைய வேலி நின்ற இடத்தோடு குழிகள் நின்றதாக எந்த இடுகாட்டிலும் நம்ப முடியாது.